சாம்பிள் போட்டு வாங்கிய கிட்டார்

எங்கள் பக்கத்தில் பட்டாசு எடுக்க வருகிற வடநாட்டு வியாபாரி, பெட்டி மேலே ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட மாட்டார். அந்த லேபிளை அச்சடிக்கிறவனே நான்தான். என் லேபிளுக்கே அவர் மயங்கவில்லை என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஏதாவது ஒன்றைக் கைகாட்டி உடைக்கச் சொல்வார். அதிலிருந்து ஒரு சரமும் கொஞ்சம் வெடியும் எடுத்துக்கொண்டு தள்ளியிருக்கிற பொட்டலுக்குப் போவார்கள். ஒருத்தர் பற்ற வைப்பார். வியாபாரி அவர் பக்கத்தில் நிற்க மாட்டார். பொட்டலின் அந்தக் கடைசியில் வேலிக்கருவேல நிழலில் நின்று கேட்பார். பக்கத்தில் நின்றால் எல்லா வெடியும் நல்ல வெடியாகத்தான் கேட்கும். தூரத்தில் நிற்கிறவர் காதுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதுதான் சரக்கு. இதற்கு எங்கள் ஊரில் சாம்பிள் போடுவது என்று பெயர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருசத்தில், ஒரு கிட்டாரை நான் அப்படி வாங்கினேன். கிட்டாருக்குச் சாம்பிள் போட்ட ஆள் இந்த மாவட்டத்தில் எனக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சாபீசில் பேப்பர் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, மை கலக்கப் பழகி, மெஷின் ஓட்டப் பழகி, கடைசியில் விருதுநகரில் இருந்து சிவகாசி போகிற ரோட்டில் சொந்தமாக ஒரு ஆப்செட் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கப் படித்ததும் அப்படித்தான். அம்மன் கோயில் பொங்கல் திருவிழாக் கச்சேரிகளில் மேடையின் பக்கவாட்டில் நின்று, வாசிக்கிறவரின் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே படித்தேன். நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் கும்மென்று உறுமுகிறதே, அது அந்தக் கிட்டாரின் வேலை. காகிதத்தில் எழுதிய நோட்ஸ் எனக்குத் தெரியாது. நோட்ஸ் தெரிந்த பலபேர் என் பக்கத்தில் நின்று தாளம் தவறியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், பெயர் வேண்டாம்.

கச்சேரிக் குழு என் மச்சானுடையது. என் மனைவிக்கு அண்ணன். பாட்டும் அவரே, முதலாளியும் அவரே. ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் பாடுவார். தீபாவளி சீசன் முடிந்து, காலண்டர் வேலையும் முடிந்தால் என் மெஷினுக்கு வேலை குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் ஊராகப் பொங்கல் திருவிழா தொடங்கும். பகலில் மெஷின், சாயந்தரம் மேடை என்று பல வருசம் ஓடியது.

அந்த வருசம் தை மாதத்தில் ஒருநாள், மச்சான் என்னைப் புரோட்டா கடைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் புரோட்டாவை எண்ணெயில் பொரித்துக் கொடுப்பார்கள், கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். மச்சான் கடிக்கவே இல்லை.

“நீங்க என்னமோ சொல்ல வந்துட்டு சால்னாவைக் கிண்டிக்கிட்டே இருக்கீக. என்ன மச்சான்?” என்றேன்.

“கீபோர்டுக்குக் காரியாபட்டிப் பையன் ஒருத்தன் சேந்திருக்கான்ல மாப்ள. அவன் எடது கையிலயே பேசையும் வாசிச்சுப்புடுறான்.”

“வாசிக்கட்டும்.”

“வலது கையில வயலினு, புல்லாங்குழலு. எடது கையில பேசு.”

“சாப்புடுறதுக்கு எந்தக் கையாம்?”

மச்சான் சிரிக்கவில்லை. “ஊர்க்காரங்க மேடையில ஆள் எண்ணுறாக மாப்ள. பாட்டுக்கு ஒருத்தன் போதாதா, இம்புட்டுப் பேரு எதுக்குன்னு கேக்குறாக. நம்ம கிட்டார்க்காரரு வேற திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. கிட்டாரையும் பேசையும் ஒரே ஆளு சேத்துப் பாத்தா எடம் இருக்கு. பங்குனிக்குள்ள பாருங்க.”

“இல்லேன்னா?”

“முன்வரிசையில சேரு போட்டு, மாலை போட்டு ஒக்கார வைக்கிறேன். தொழிலதிபருல்ல நீங்க.”

அந்தத் தொழிலதிபர் பட்டம் எனக்கு வேண்டாம். என்னை முதலாளி என்று கூப்பிட அச்சாபீசில் ஆள் இருக்கிறது. டிரம்மில் அடி விழுகிற அதே நொடியில் என் கம்பியும் விழ, மேடைப் பலகை உள்ளங்காலில் அதிர்வதைத் தெரிந்துகொண்டே நிற்பதுதான் எனக்கு வேண்டியது. அதை விட்டு இறங்கி மாலையோடு கீழே உட்கார வேண்டும் என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது. அவர் தட்டில் இருந்ததையும் சேர்த்து நானே தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே இசைக்கருவிகள் விற்கும் கடைக்காரர் எனக்குப் பல வருசப் பழக்கம். அவர் கடையின் காலண்டரை நான்தான் அச்சடிக்கிறேன். கிட்டாரும் பேசும் ஒன்றாகப் பார்க்கிற மாதிரி ஒரு கருவி வேண்டும் என்றேன். அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்றார். எதிலும் நான் முதல் ஆள்தான்.

இரண்டைக் காட்டினார். ஒன்று, ஆறு கம்பி பேஸ். என் நாலு கம்பிக்குக் கீழே இன்னும் தடியாக ஒரு கம்பி, மேலே மெல்லிசாக ஒரு கம்பி. கழுத்துப் பலகை சப்பாத்திக் கட்டை போல அகலம். தோளில் மாட்டினால் ஒரு ரீம் ஆர்ட் பேப்பரைத் தூக்கிய கனம். அந்தத் தடிக் கம்பியைத் தட்டியதும் கடையின் கண்ணாடி அலமாரி கிணுகிணுத்தது. எனக்கு மயிர்க்கால் நிமிர்ந்துவிட்டது.

மற்றது பாரிடோன் கிட்டார். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். பார்த்தால் சாதாரண கிட்டார்தான். கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம், கம்பிகள் கொஞ்சம் தடிமன். குரல் கிட்டாருக்குக் கீழே, பேசுக்கு மேலே. மகரக்கட்டு உடைந்து முடிந்த ஆம்பிளைக் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டலாம், தனித்தனியாக அடியில் நடக்கவும் விடலாம். ஆனால் அலமாரி அசையவில்லை.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, கட்டித் தாரேன்” என்றார் கடைக்காரர்.

“இங்கன வச்சுச் சொல்ல முடியாது. ரெண்டையும் கொண்டுபோயி சாம்பிள் போட்டுப் பாக்கணும்.”

“இது பட்டாசு இல்ல அண்ணாச்சி.”

“பட்டாசுக்குத் தீக்குச்சி, இதுக்குக் கரண்ட்டு. வேற என்ன வித்தியாசம்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய அவருடைய காலண்டரைப் பார்த்தார். கீறல் விழாமல் ஒன்று திரும்பி வர வேண்டும் என்று சொல்லி இரண்டையும் உறையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார வைத்து, நடுவில் நான் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டு வாசலில் என் மனைவி மறித்துக்கொண்டாள்.

“பொண்ணு பாக்கப் போயி ரெண்டு பொண்ணையும் கையோட கூட்டியாந்த மாதிரியில்ல வாரீக.”

“பழகிப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்துருவேன்.”

“என்னையும் அப்படி நெனைச்சுத்தான் கூட்டியாந்தீகளா?”

“ஒன்னையத் திருப்பிக் குடுக்கலாம்னா ஒங்கண்ணன் வாங்க மாட்டேங்காரு.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை நிறுத்திவிட்டு, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் ஒத்திகை வைத்துக்கொண்டோம். ஆறு கம்பி பேஸ் எனக்கு உடனே பிடிபட்டது. பழைய நாலு கம்பி அதற்குள்ளேயே இருக்கிறதே. பாரிடோன்தான் பாடாய்ப் படுத்தியது. சாதாரண கிட்டாரில் பிடிக்கிற இடத்தில் பிடித்தால் இதில் வேறு சுருதி வரும். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் நான் ஒரு சுருதியில் நிற்க, மச்சான் வேறொரு சுருதியில் நின்றார்.

“மாப்ள, நாம ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் வந்திருக்கோமா?” என்று பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கீபோர்டு பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணாச்சி, பேசையே எடுத்துக்கிடுங்களேன். அதுல ஒங்கள அசைக்க முடியாது” என்றான்.

“நான் பேசை எடுத்தா ஒன் எடது கை என்னத்துக்கு ஆகும்?”

“கொசு அடிக்கிறேன் அண்ணாச்சி.”

நல்ல பையன்தான். என் இடத்துக்கு வந்தவன் என்று முறைத்துக்கொண்டே இருக்கலாம் என்றால் விட மாட்டான். எப்படியோ பங்குனிக்குள் பாரிடோனையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேறொருத்தருக்கு ஒரு வருசம் ஆகியிருக்கும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல். அதுதான் சாம்பிள் போடும் இடம் என்று முடிவு செய்தேன். முதல் பாதிக் கச்சேரி ஆறு கம்பி பேஸ், மறுபாதி பாரிடோன். எங்கள் பக்கத்து மேடைக் கச்சேரி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஒலிப்பெட்டிகள் நிற்கும். அதற்கு முன்னால் இளவட்டங்கள் ஆடும். அதோடு முடியாது. தெருவின் கடைசி வரை கம்பம் கம்பமாகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். கோயில் அந்தக் கடைசியில் இருக்கும். பொங்கல் வைக்கிற பெண்கள் அங்கே, கடைகள் அங்கே, கொட்டகை போட்டுத் திருவிழா வரி வாங்கிக்கொண்டிருக்கும் விழாக் கமிட்டியும் அங்கே. அடுத்த வருசம் எந்தக் குழுவுக்கு ஆர்டர் என்று முடிவு செய்கிற ஒருத்தரும் மேடைப் பக்கம் வரமாட்டார். குழாயில் என்ன வருகிறதோ அதுதான் அவருக்குக் கச்சேரி.

மனைவியிடம், “நீ அந்தக் கடைசிக் குழாய்க்குக் கீழ நின்னு, நான் வாசிக்கிறது எப்படி வருதுன்னு கேட்டுச் சொல்லு” என்றேன்.

“அங்கனதான வளையல் கடை இருக்கு. நிக்கிறேன்.”

“வளையலப் பாத்துக்கிட்டுக் கோட்டை விட்டுராத.”

“வளையலக் காதாலயா பாப்பாக?” என்று போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் தொடங்கினோம். ஆறு கம்பியின் அடிக்கம்பியை முதல் பாட்டிலேயே இறக்கினேன். ஒலிப்பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் சட்டை படபடத்தது. மேடையில் கட்டியிருந்த டியூப் லைட் ஆடியது. இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு, “அண்ணே, அந்தத் தடிக் கம்பியப் போடுங்க” என்று கேட்டுக் கேட்டு ஆடினார்கள். பேரன் எடுக்கப் போகிற வயதில் எனக்கு விசில். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதுதான் என் கருவி, பாரிடோன் மதுரைக்குத் திரும்புகிறது என்று.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். இரண்டு கையிலும் புது வளையல்.

“எப்படி?” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“நீங்க எப்ப வாசிக்க ஆரம்பிப்பீக?”

மச்சானுக்குச் சோடா புரையேறியது.

“இம்புட்டு நேரமா வாசிச்சது யாரு?” என்றேன்.

“எனக்கு எங்கண்ணன் பாட்டு வந்துச்சு, வயலினு வந்துச்சு. ரெண்டாவது பாட்டுல தகரத்துக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அது நீங்களா?”

“அதுதான் அந்தத் தடிக் கம்பி.”

“நல்லவேளை கேட்டேன். குழாய்தான் ரிப்பேருன்னு வளையல் கடைக்காரரு சொல்லிக்கிட்டு இருக்காரு.”

நான் அடுத்தவர் சொல்லி நம்புகிறவன் இல்லை. மறுபாதியின் முதல் பாட்டை கீபோர்டை மட்டும் வைத்துப் பாடச் சொல்லிவிட்டு, மனைவியோடு நானே தெருவில் நடந்தேன். கம்பத்துக்குக் கம்பம் அந்தப் பையனின் இடது கை தேய்ந்துகொண்டே வந்து, கடைசிக் குழாயில் காணாமலே போய்விட்டது. ஆக, அடியில் வாசிப்பது நானாக இருந்தாலும் அவனாக இருந்தாலும் இந்தக் கடைசிக்கு வரப்போவது இல்லை. அந்தத் தகரக் குழாய்க்கு அவ்வளவு கீழே இறங்கிப் பேச வராது. முன்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் என்றால் அதற்கு ஒரு ஆள் போதும், அவன் ஏற்கனவே இருக்கிறான்.

இன்னும் ஒன்றைக் கவனித்தேன். மேலே மச்சானின் குரலும் வயலினும் இருந்தது. அதற்குக் கீழே வெறுமை. கிளிப் படம் போட்ட லேபிள் அச்சடிக்கும்போது மஞ்சள் மை மட்டும் ஓடாமல் போனால் படம் இருக்கும், சிவப்பும் நீலமும் இருக்கும், ஆனால் கிளி பச்சையாக வராது. பாட்டு அப்படி வந்துகொண்டிருந்தது. திருப்பூருக்குப் போனவர் விட்டுப்போன இடம் அது.

திரும்பி வந்து பாரிடோனை மாட்டினேன். கீபோர்டு பையனிடம், “அடிய நீயே வச்சுக்க. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்” என்றேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். குரலுக்கும் பேசுக்கும் நடுவில் இருந்த வெறுமையில் கம்பிகளைச் சேர்த்து மீட்டினேன். மச்சான் மூச்சு வாங்குகிற இடங்களில் ஒற்றைக் கம்பியில் நடந்தேன். முன்னால் ஆடியவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். ஒருத்தன், “அண்ணே, அந்தப் பெருசயே எடுங்கண்ணே” என்று கூடச் சொன்னான். வாசிக்கிறவனுக்கு அது ஊசி குத்துகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டும்போது கமிட்டித் தலைவர், தோளில் துண்டோடு, அந்தக் கடைசியில் இருந்து நடந்தே வந்தார். பின்னால் என் மனைவியும் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

தலைவர் மச்சானிடம், “மொதப் பாதியில கிட்டாருக்கு ஆளே வரலையா? பொறவு வந்த ஆளு நல்லா வாசிச்சாருய்யா. வரி எழுதிக்கிட்டு இருந்தவன் பேனாவ வச்சுட்டுக் கேட்டான். அடுத்த வருசமும் அந்த ஆளக் கூட்டியாங்க. எங்க இருக்காக?” என்றார்.

“இந்தா, இவருதான். எங்க மாப்ள.”

“அப்ப மொதப் பாதியில எங்க போயிருந்தாரு?”

“இங்கனதான் நின்னாரு. ரொம்பக் கஷ்டப்பட்டு வாசிச்சாரு” என்றாள் என் மனைவி.

தலைவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேனுக்கு வழி சொல்லிவிட்டுப் போனார். மச்சான் இரண்டு உறைகளையும் என் முன்னால் வைத்தார்.

“நீங்களே சொல்லுங்க மாப்ள. எதை எடுத்தாலும் ஒங்களுக்கு எடம் இருக்கு.”

“ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இல்லாத எடம் எப்படி மச்சான் வந்துச்சு?”

“கமிட்டி கேட்டுட்டாகல்ல.”

நேர்மையான மனுசர். அதனால்தான் இத்தனை வருசமும் அவரோடு சண்டை போட முடிந்தது.

பாரிடோனை எடுத்தால் மேடையில் இருப்பேன். ஆனால் இருபது வருசத்துக்கு மேல் நான் காலூன்றி நின்ற அடியை, என் மகன் வயசுப் பையனின் இடது கைக்கு விட்டுவிட வேண்டும். பெருசை எடுத்தால் விசில் கிடைக்கும், ஒலிப்பெட்டிக்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்துக்கு நான் ராஜா. மச்சானுக்கு அடுத்த ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு நான் ரிப்பேரான குழாய். வேன் தாயில்பட்டி தாண்டும் வரை யோசித்தேன். தோளை நகர்த்தி உட்கார்ந்தபோது மடியில் இருந்தது பாரிடோன் உறை என்பதைக் கவனித்தேன். பெருசு எங்கே என்று பார்த்தால், பின்சீட்டில் டிரம்மோடு கிடந்தது. வைத்தவன் நானேதான். கை முதலில் முடிவு செய்துவிட்டது, எனக்கு அப்புறம்தான் தகவல் வந்தது.

மதுரைக் கடையில் பெருசைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒருமுறை இணைப்புக் கொடுத்து அந்தத் தடிக் கம்பியைத் தட்டினேன். அலமாரி நடுங்கியது. கடைக்காரர், “மனசு வரலையா அண்ணாச்சி?” என்றார். “சரக்கு நல்ல சரக்குதான். எங்க ஊருக்குத் தோது இல்ல” என்று சொல்லிவிட்டு உறையின் ஜிப்பை நானே இழுத்து மூடினேன்.

அடுத்த கச்சேரி இருக்கன்குடிப் பக்கம் ஒரு ஊரில். முதல் பாட்டுக்கு டிரம்மில் அடி விழுந்தது. என் கை பழக்கத்தில் அடிக்கம்பிக்குப் போய்விட்டது. அதற்குள் கீபோர்டு பையனின் இடது கையில் இருந்து அந்த உறுமல் வந்து, மேடைப் பலகை வழியாக என் உள்ளங்காலில் ஏறியது. யார் வாசித்தாலும் பலகை ஒரே மாதிரிதான் அதிர்கிறது என்று அப்போது தெரிந்தது. ஒரு தாளம் விட்டு, மேல் கம்பிகளில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் அவன் என் பக்கம் சாய்ந்து, “அண்ணாச்சி, எடம் இடிக்கலையே?” என்றான்.

“இடிக்கல லே. நீ கீழ்வீட்டுல குடும்பம் நடத்து. நான் மாடிக்கு வந்துட்டேன், காத்து நல்லா வருது.”